நடு அளவுப் படகு

எங்கள் வீட்டில் எதையும் சட்டென்று வாங்கிவிட மாட்டார்கள். ஒரு குடை வாங்குவதென்றாலும் மூங்கில் பிடியா, இரும்புப் பிடியா, விரித்தால் எத்தனை பேர் நனையாமல் போகலாம் என்று பேசிப் பேசியே மழைக்காலம் முடிந்துவிடும். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு படகு வாங்குவதென்று அப்பா முடிவு செய்தார். அந்த மார்கழி மாதம் முழுக்க நாங்கள் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது.

காஞ்சிபுரத்தில் பட்டுத்தறி ஓட்டுகிற குடும்பத்துக்குப் படகு எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் தெருவிலும் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். ஊரை ஒட்டிப் போகிற வேகவதியில் முழங்கால் நனைந்தாலே அது பெரிய வெள்ளம். ஆனால் எங்கள் பூர்வீகம் தென்னேரி. வாலாஜாபாத் பக்கம், கண்ணுக்கெட்டிய மட்டும் பரந்து கிடக்கிற ஒரு ஏரியின் கரையில் இருக்கிற ஊர். எங்கள் குலதெய்வமான கன்னியம்மன் மற்ற சாமிகளைப் போல ஊருக்குள் ஒழுங்காக இருந்திருக்கலாம். அவளோ ஏரியின் உள்வாயில் ஒரு மேட்டின் மேல், வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டிருந்தாள். கோடையில் மாட்டுவண்டியிலேயே அங்கே போய்விடலாம். ஏரி நிரம்பினால் மேடு தீவாகிவிடும். பொங்கல் வைக்கவேண்டியதோ தை மாதம் கடைசி வெள்ளிக்கிழமை, அதாவது சரியாக ஏரி நிரம்பியிருக்கும் சமயம் பார்த்து. இந்த ஏற்பாட்டை யார் செய்தது என்று கேட்டால் அப்பா பேச்சை மாற்றிவிடுவார்.

அதுவரைக்கும் மீன் குத்தகைக்காரருடைய மரத்தோணியில்தான் போய்வந்துகொண்டிருந்தோம். முந்தின வருஷம் அந்தத் தோணி, மேடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, இடுப்பளவுத் தண்ணீரில் மெதுவாக உட்கார்ந்துவிட்டது. பொங்கல் பானை மிதந்தது. அரிசியும் வெல்லமும் மிதக்கவில்லை. அம்மா தன் கல்யாணப் பட்டுப்புடவையோடு தண்ணீரில் நடந்தே கரையேறினாள். அங்கேயே ஈர வேட்டியோடு அப்பா அம்மன் முன்னால் நின்று, அடுத்த வருஷம் சொந்தப் படகில்தான் வருவேன் என்று வேண்டிக்கொண்டுவிட்டார். அம்மன் அதை அவரிடம் கேட்கவே இல்லை என்று அம்மா பிறகு பலமுறை சொல்லிக்காட்டினாள்.

அது எழுபதுகளின் தொடக்கம். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். வீட்டில் நாங்கள் ஏழு பேர். அப்பா, அம்மா, நான், எனக்குக் கீழே இரண்டு தம்பிகள், அப்புறம் சித்தப்பா, சித்தி. கூடத்தில் இரண்டு தறி இருந்தது. ஒன்றில் அப்பா. இன்னொன்றில் சித்தப்பாவும் சித்தியும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று நெய்கிற புடவைக்கு ஒரே தறியில் இரண்டு பேர் வேண்டும். சித்தப்பா நடுவில் உட்கார்ந்து நெய்ய, சித்தி இடது பக்கம் உட்கார்ந்து கரைக்கான நூல் சுற்றிய நாடாவைத் தள்ளிக் கொடுப்பாள். காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள், பேச்சு மட்டும் இருக்காது. சித்தப்பா அப்படித்தான். அண்ணன் சொன்னால் சரி, அதற்குமேல் அவருக்கென்று ஒரு கருத்து இருப்பதாகவே யாருக்கும் தெரியாது. படகு வந்துதான் அது தெரிந்தது.

கார்த்திகையில் புடவை கொடுக்கச் சென்னைக்குப் போன அப்பா, அங்கே நடந்த ஏதோ ஒரு பொருட்காட்சிக்குள் நுழைந்திருக்கிறார். அலுமினியப் பாத்திரம் செய்கிற கம்பெனிக்காரர்கள் மூன்று படகுகளை வரிசையாக வைத்து, ‘குடும்பப் படகு’ என்று பலகை எழுதி மாட்டியிருந்தார்களாம். சின்னது, நடுத்தரம், பெரியது. சின்னதில் ஆறு பேர் உட்காரலாம். நடுத்தரத்தில் முனையில் ஒரு சின்னப் பலகை கூடுதல், அதனால் ஏழு பேர். பெரியதில் பத்துப் பேர் தாராளமாகப் போகலாம், மேலே துணிக்கூரை போட்டுக்கொள்ளக் கம்பிகூட உண்டு. கம்பெனி ஆள் அடிக்கணக்கில் நீளம் சொன்னதை அப்பா நம்பவில்லை. தன் கையாலேயே முழம் போட்டு மூன்றையும் அளந்து, மூன்று கயிறுகளை வெட்டி எடுத்துக்கொண்டு வந்தார். படகைத் தண்ணீரில் எப்படி ஓட்டுவது என்று மட்டும் கேட்கவில்லை.

கயிறுகளைக் கூடத்தில் நீட்டிப் போட்டு அவர் விளக்கியபோது அம்மா ஒரே கேள்விதான் கேட்டாள்.

“சாமி பாக்கறதுக்குக் குண்டான்லயா ஏறிப் போவாங்க?”

எங்கள் வீட்டில் அலுமினியம் என்றால் மாட்டுக்குக் கழுநீர் வைக்கிற பாத்திரம். பித்தளையில் கிடைக்காதா என்று அம்மா விசாரித்தாள். பித்தளைப் படகு மூழ்கிவிடும் என்று அப்பா பொறுமையாகச் சொன்னார். மரத்தோணியும்தான் மூழ்கியது என்றாள் அம்மா. அதற்குப் பிறகு அப்பா பொறுமையாக எதையும் சொல்லவில்லை. பெரியதை வாங்குவது என்று தீர்மானித்திருப்பதாக மட்டும் அறிவித்தார்.

அப்போதுதான் தறியிலிருந்து சித்தப்பாவின் குரல் வந்தது.

“நடுவுல இருக்குதே, அது போதும்ண்ணா.”

அப்பா திரும்பிப் பார்த்தார். நாங்கள் எல்லோருமே திரும்பிப் பார்த்தோம். ஏன் என்று அப்பா கேட்டார். சித்தப்பா அறுந்த இழையை முடிபோட்டுக்கொண்டிருந்தார். நாலு நாள் கழித்து அப்பா மறுபடியும் கேட்டார். “அது போதும்ண்ணா” என்பதே மறுபடியும் பதில். காரணம் சொன்னால் மறுக்கலாம். காரணமே சொல்லாத ஆளை என்ன செய்வது? அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எதிர்த்துப் பேசாத தம்பி எதிர்த்ததைவிட, அதை ஒரு படகுக்காகச் செய்தானே என்பதுதான் அவருக்கு ஆறவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை முசரவாக்கத்திலிருந்து அத்தை வந்தாள். அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. பக்கத்து ஊர்தான் என்பதால் நினைத்தபோதெல்லாம் பஸ் ஏறி வந்துவிடுவாள். படகு விஷயம் காதில் விழுந்ததும், சந்தேகமே வேண்டாம், பெரியதுதான் என்றாள். அன்றிலிருந்து வாராவாரம் வந்தாள். வந்ததும் பேச்சு படகில் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் அப்பாவும் அவளும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். சித்தி காபி கொண்டுவந்து வைத்தால் பேச்சு நின்றுவிடும். அவள் உள்ளே போனதும் மறுபடியும் தொடங்கும்.

“குடும்பம்னா பெருகிக்கினு போவணும்ண்ணா. எத்தினி வருஷம்தான் பாப்பே? நாளைக்கு ஒரு ஆளு வந்தா மடியிலயா உக்கார வச்சிக்குவீங்க?”

இது எனக்கு மிகவும் நியாயமாகப் பட்டது. நான் அத்தை கட்சி. துணிக்கூரை போட்ட படகில், தெப்பத்தில் உற்சவர் போவது மாதிரி உட்கார்ந்து போவதை வகுப்பில் ஏற்கெனவே எல்லோரிடமும் சொல்லிவிட்டிருந்தேன். நடுத்தரப் படகுக்குக் கூரை கிடையாது. சித்தப்பா ஒருவர் பிடிவாதத்தால் பள்ளிக்கூடத்தில் என் மானம் போகப்போகிறதே என்று வயிறு எரிந்தது.

இது போதாதென்று சித்தி வேறு. ஒருநாள் அரிசி புடைத்துக்கொண்டே அம்மாவிடம் அவள் சொன்னாள்: “சின்னதே போதும்னு மாமாகிட்ட சொல்லுங்கக்கா. எனக்கு எதுக்குப் படகு? நான் வூட்டப் பாத்துக்கினு இருக்கறேன். இல்லன்னா எங்கம்மா வூட்டுக்குப் போறேன்.”

அம்மா முறத்தைப் பிடுங்கி ஒரு ஓரமாக வைத்தாள். “வாய மூடிக்கினு வேலையப் பாரு” என்று அவள் அதட்டியபோது, சித்தி என்ன தப்பாகச் சொல்லிவிட்டாள் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் எரிச்சலாக இருந்தது. ஓசியில் படகுச் சவாரி கிடைக்கிறது, வரமாட்டேன் என்று ஒரு மனுஷி சொல்வாளா? இப்படியாக ஒரே வீட்டில் பெரியது, நடுத்தரம், சின்னது என்று மூன்று கட்சி ஆயிற்று. அம்மா நாலாவது கட்சி. தண்ணீர் வற்றியபிறகு வண்டி கட்டிக்கொண்டு போனால் அம்மன் கோபித்துக்கொள்ளவா போகிறாள் என்பது அவளுடைய கட்சி.

மார்கழியில் எங்கள் தெருவில் காலை நேரத்தில் கால் வைக்க இடம் இருக்காது. நடுத்தெருவில் முளையடித்து, புடவைக்கான பாவு நூலைத் தெருநீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டு உலர்த்திக்கொண்டிருப்பார்கள். இரண்டு ஓரத்திலும் வாசலை அடைத்துக் கோலம். வெயில் ஏறி, பாவைச் சுருட்டி எடுத்தபிறகுதான் சைக்கிளே போக முடியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பாவைச் சுருட்டி முடித்ததும் அப்பா முளைகளைப் பிடுங்கவில்லை. அவற்றிலேயே பெரிய படகின் கயிற்றைக் கட்டினார். அம்மாவின் கோலமாவு டப்பாவை எடுத்துவந்து, கயிற்றின் அளவுக்கு நடுத்தெருவில் ஒரு முழுப் படகை வரைந்தார். குறுக்கே ஐந்து கோடு, ஐந்து பலகை.

“வாயால சொன்னா இந்த வூட்டுல யாருக்கும் ஏறல. எல்லாரும் வந்து உக்காருங்க. உக்காந்து பாத்துட்டு சொல்லுங்க.”

படகின் மூக்கு எதிர்வீட்டுக் கோலத்தின்மேல் ஏறியிருந்தது. “எங்க வூட்டுப் பூசணிப்பூவையும் ஏத்திக்கினு போங்கண்ணா” என்றாள் எதிர்வீட்டுக்காரி. தெருவே வேலையை விட்டுவிட்டு வந்து நின்றது. எனக்கு முதலில் வெட்கமாகத்தான் இருந்தது. உட்கார்ந்ததும் வெட்கம் போய்விட்டது. தம்பிகள் இருவரும் முன்பலகைக்கு அடித்துக்கொண்டார்கள். சின்னவன் கோட்டுக்கு வெளியே விழுந்தான். அவன் தண்ணீரில் விழுந்துவிட்டதாகவும், இனி ஆட்டத்தில் இல்லை என்றும் அப்பா கண்டிப்பாகச் சொல்ல, அவன் ஊரைக் கூட்டி அழுதான். நடுத்தெருவில் தரையில் உட்கார மாட்டேன் என்று அம்மா வாசற்படியை விட்டு அசையவில்லை. அம்மாவுக்குப் பதிலாக அப்பா பின்பலகையில் ஒரு செங்கல்லை வைத்தார். அம்மா அந்தச் செங்கல்லைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

சித்தப்பாவையும் சித்தியையும் தறியிலிருந்து கூப்பிட்டார்கள். அப்பா காட்டிய இடத்தில் சித்தப்பா உட்கார்ந்தார். சித்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தறியில் உட்காருகிற மாதிரியே அவருக்கு இடதுபக்கம் உட்கார்ந்தாள். முந்தின நாளே வந்து தங்கியிருந்த அத்தை அப்போது பக்கத்தில் வந்தாள்.

“நீ கொஞ்சம் பின்னால போம்மா. தம்பி பக்கத்துல அந்த இடம் இருக்கட்டும்.”

அந்த இடம் யாருக்கு என்று நான் அத்தையிடம் கேட்டேன். முசரவாக்கத்து அக்காவுக்கு என்று அவள் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். அந்த அக்காவை எனக்குத் தெரியும். அத்தையின் கடைசி நாத்தனார். வைகாசியில் கருடசேவை பார்க்க வந்தபோது எனக்குக் கைநிறைய வளையல் வாங்கிக் கொடுத்தவள். அவளும் நம்மோடு பொங்கலுக்கு வருகிறாளா என்று எனக்கு ஒரே குஷி. தெருவில் மட்டும் சத்தம் அடங்கிவிட்டது. எதிர்வீட்டுக்காரி உள்ளே போய்விட்டாள். சித்தி எழுந்து கடைசிப் பலகைக்குப் போய், செங்கல்லைச் சற்றே நகர்த்திவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். புடவையில் கோலமாவு ஒட்டியிருந்ததைத் தட்டிவிடாமல் கைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து, சைக்கிளில் போக வழியில்லாமல் நின்றுகொண்டிருந்த ஒருவர் கேட்டார்: “எல்லாம் சரி, துடுப்பு யாருப்பா போடுவாங்க?”

அவ்வளவு பேரும் கைகட்டி முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அதில் எங்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மற்றவர் தோணியில் ஏறியபோது அதைச் செலுத்துகிற ஆளை நாங்கள் கவனித்ததே கிடையாது. எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த சொந்தப் படகெல்லாம் சாமியின் தெப்பம்தான். அதைக் கோயில் குளத்துக் கரையில் நின்று வடம் பிடித்து இழுப்பார்கள், உள்ளே இருக்கிற சாமி ஒரு வேலையும் செய்வதில்லை. அப்பாவும் அதைத்தான் நினைத்திருக்கிறார். கயிறு கட்டி இழுத்துக்கலாம் என்றார். ஏரியில் எங்கே நின்று இழுப்பது என்று சைக்கிள்காரர் கேட்டார். தெரு சிரித்தது. அப்பா மூன்று வாரமாகப் போட்ட திட்டமெல்லாம் கோலமாவோடு தெருவில் கிடக்க, அவர் முகம் சிவந்துபோயிற்று.

சிரிப்பு ஓய்வதற்குள் சித்தப்பா எழுந்து வீட்டுக்குள் போனார். ஒரு வாளித் தண்ணீரோடு வந்தார். யாரையும் பார்க்காமல், படகின் முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை ஊற்றி, முதல் பலகையையும் கடைசிப் பலகையையும் அழித்தார். பிறகு கோலமாவு டப்பாவை எடுத்து, மிச்சமிருந்ததைச் சுற்றி நெருக்கமாக ஒரு கோடு போட்டார். நடுத்தரப் படகு.

“இவ்ளோ போதும்ண்ணா. நம்ம எல்லாரும் இதுலயே உக்காரலாம். துடுப்பு நான் போடறேன்.” பிறகு சித்தியைப் பார்த்து, “நீ எழுந்து முன்னால வா” என்றார்.

அத்தை புடவைத் தலைப்பால் மூக்கைச் சிந்தினாள். கூடப் பிறந்தவள் சொல்வது யாருக்கும் காதில் ஏறாது, குடும்பம் தழைக்கவேண்டும் என்று நினைத்தது தன் தப்பு என்று அழுதாள். அப்பா வெடித்துவிட்டார்.

“இந்த வூட்டுக்குப் பெரியவன் நானா, நீயாடா?”

“நீதாண்ணா” என்றார் சித்தப்பா. சொல்லிவிட்டு வாளியை வைத்துவிட்டுத் தறிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் தறிச் சத்தம் கேட்டது. நீதான் பெரியவன் என்று ஒப்புக்கொள்கிறவரோடு எப்படிச் சண்டை போடுவது? அப்பா தெருவில் நின்றபடி அந்த நடுத்தரப் படகையே முறைத்துக்கொண்டிருந்தார். நனையாத கோலமாவை அம்மா பெருக்கி டப்பாவில் போட்டாள். எனக்கோ, கூரையோடு கூடிய என் படகைக் கண்ணெதிரே கழுவிவிட்டாரே என்று சித்தப்பாவின் முகத்திலேயே விழிக்கப் பிடிக்கவில்லை.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். பெரியதுதான். இனி அதைப் பற்றி ஒருவரும் பேசக்கூடாது. சித்தப்பா தலையாட்டினார். பொங்கலுக்கு முன்பு அப்பாவே சென்னைக்குப் போவதாக இருந்தது. ஆனால் முகூர்த்தப் புடவை ஒன்று அவர் தறியில் இருந்தது. கடைக்காரர் ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் சித்தப்பாவை அனுப்பினார். பெரிய கயிற்றை அவர் கையில் கொடுத்து, பலமுறை சொல்லி, திரும்பச் சொல்லச்சொல்லிக் கேட்டு, அப்புறம்தான் விட்டார். சித்தியும் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் இவள் எதற்கு என்றார்.

“படகுக்கு ரெண்டு பக்கமும் ஆள் வேணும்ண்ணா. ஒருத்தனால புடிக்க முடியாது” என்றார் சித்தப்பா. எங்களுக்குத் தெரிந்து சித்தியை அவர் தனியாக எங்கேயும் அழைத்துப்போனதில்லை. அவள் சென்னையைப் பார்த்ததே இல்லை.

மறுநாள் மாலை லாரி வந்தது. படகை ஊர்வலமாகத் தெருவுக்குக் காட்டிவிட்டுப் பிறகு தென்னேரிக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. அத்தை ஆரத்தித் தட்டோடு வாசலில் தயாராக நின்றாள். லாரி நின்றதும் நான் ஓடிப்போய்ச் சக்கரத்தின்மேல் ஏறிப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று பளபளத்தது. கூரைக்குக் கம்பி இல்லை. பலகை மூன்றுதான், முனையில் ஒரு சின்னப் பலகை. அத்தையும் எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் ஆரத்தித் தட்டைத் திண்ணையின்மேல் வைத்துவிட்டாள்.

அப்பா லாரியை நெருங்கினார். “நான் எத வாங்கினு வரச் சொன்னேன்?”

லாரியின் முன்பக்கத்தில் சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பா இறங்காமலே சொன்னார். “நம்ம வூட்டுல எத்தினி பேரோ அத்தினி பேருக்கு வாங்கினு வந்துக்கிறேன். இதுக்கு மேல யாரும் வர வேணாம்ண்ணா. வந்தா நாங்க ரெண்டு பேரும் இறங்கிக்கறோம்.”

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அத்தை உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு, சாப்பிடுகிறாயா என்று யாரும் கேட்பதற்குள் பஸ்ஸுக்கு நடந்தாள். அப்போது அம்மா வாசற்படியை விட்டு இறங்கி வந்தாள். ஆரத்தித் தட்டை எடுத்துக் கற்பூரம் ஏற்றி, லாரிக்கு முன்னால் நின்று, சித்தப்பா சித்தி முகத்துக்கு நேராக மூன்று சுற்றுச் சுற்றினாள். ஆரத்தி படகுக்குத்தானே, அம்மா இடம் தெரியாமல் சுற்றுகிறாளே என்று நான் சொல்லப்போக, தலையில் ஒரு குட்டு விழுந்தது.

பிற்பாடு, நான் கல்யாணமாகிப் போகிற வயதில், அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். சித்திக்குப் பிள்ளை இல்லை என்று அத்தை தன் நாத்தனாரைச் சித்தப்பாவுக்கு இரண்டாந்தாரமாகக் கொண்டுவரப் பார்த்திருக்கிறாள். அப்பாவும் முக்கால்வாசி சம்மதித்துவிட்டாராம். சித்தப்பாவிடம் யாரும் நேராகக் கேட்கவில்லை. அவரும் நேராகச் சொல்லவில்லை. எல்லோருமாகச் சேர்ந்து படகின் அளவைப் பற்றியே ஒரு மாதம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நேராகப் பேசியிருந்தால் அரைமணி நேரத்தில் முடிந்திருக்கும் என்று அதைக் கேட்டபோதும் எனக்குக் கோபம்தான் வந்தது. முசரவாக்கத்து அக்காவுக்கு மறு வருஷமே ஏனாத்தூரில் நல்ல இடம் அமைந்தது. அத்தையும் அதற்குப் பத்திரிகை வைக்கும் சாக்கில் வந்து சமாதானமாகிவிட்டாள். சித்திக்குக் கடைசிவரை பிள்ளை பிறக்கவில்லை. அவர்கள் இருவரும் கடைசிவரை ஒரே தறியில் உட்கார்ந்து நெய்தார்கள்.

ஆனால் இதெல்லாம் பிற்பாடு. அந்தத் தை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை இதில் எதுவும் எனக்குத் தெரியாது. தென்னேரிக் கரையில் எங்களை ஏற்றிக்கொண்ட படகில் அசைய இடமில்லை. பொங்கல் பானை என் காலில் இடித்தது. வெயில் மண்டையில் அடித்தது. முனைப் பலகையில் பெரிய தம்பி ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். சித்தப்பா துடுப்புப் போட்டார். அது துடுப்புப் போடுவது என்று அவருக்கு யார் சொன்னதோ தெரியாது. படகு அம்மனைப் பார்க்கத் திரும்பும், பிறகு ஊரைப் பார்க்கத் திரும்பும், பிறகு நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றும். அப்பா ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு யோசனை சொன்னார். சித்தப்பா எல்லாவற்றுக்கும் சரிண்ணா என்றார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கன்னியம்மனை அழைத்துக்கொண்டிருந்தாள்.

நானும் சித்தியும் பின்பலகையில், சித்தப்பாவுக்கு நேர் எதிரே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவள் வெற்றிலைத் தட்டையும் தேங்காய்ப் பையையும் மடியில் வைத்துக்கொண்டு, உடம்பை ஒடுக்கிக்கொண்டு, துடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சித்தப்பா காதிலும் விழட்டும் என்று உரக்கவே சொன்னேன்.

“பெரிசு வாங்கினு வந்திருந்தா நீ இப்பிடி ஒடுங்கிக்கினு உக்கார வேணாம் இல்ல, சித்தி?”

சித்தி தட்டைக் கீழே வைத்துவிட்டு, என்னை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. சித்தப்பா துடுப்பை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். படகு மறுபடியும் ஊரைப் பார்க்கத் திரும்பிவிட்டது, அப்பா கத்திக்கொண்டிருந்தார். பாவம், இவளுக்கும் பெரிய படகுதான் ஆசை, புருஷனுக்குப் பயந்துகொண்டு இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள் என்று நினைத்து, நானும் அவளோடு சேர்ந்து அழுதேன்.